புத்தாண்டும் நமது புகைப்படப் பெட்டியும்

ஒவ்வோர் ஆண்டும் தை இதழுக்கு இப்பகுதியை எழுத உட்காரும்போது, சென்ற தையில் என்ன எழுதினோம் என்று எடுத்துப் பார்ப்பது நம் வழக்கம். இம்முறை பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுப்பவர்களுள் நாமும் ஒருவர் என்ற உரிமையில், நான்கு வாக்குறுதிகளை நேயர்கள் முன் துணிந்து வைத்திருந்தோம். சிவ்ரிச் சேற்றுக் கரைக்கு வரும் பூநாரைகளைப் படமெடுப்பது ஒன்று. மழைக்காலத்தில் சத்திரபதி சிவாஜி முனையத்தின் எதிரே தேங்கும் நீரில், அக்கட்டடத்தின் தலைகீழ்த் தோற்றத்தைப் பிடிப்பது இரண்டு. மரீன் டிரைவில் ஒரே இடத்தில் நின்று பன்னிரண்டு மாதத்துச் சூரியாஸ்தமனங்களையும் எடுப்பது மூன்று. ஏதேனும் ஒரு போட்டிக்குப் படம் அனுப்பிப் பரிசு பெறுவது நான்கு.

பூநாரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கடல் நீர் வற்றியிருக்கும் வேளையில் போனால் பறவைகள் வெகுதூரத்துக்கு விலகிப் போய்விடுகின்றன. நீர் ஏறும் நேரம் பார்த்துப் போக வேண்டும். நாம் அலுவலக நேரம் பார்த்துப் போனோம். நண்பரிடம் இரவல் வாங்கிய 300 மி.மீ. லென்ஸில், சாம்பல் நிறச் சேற்றின் மேல் இளஞ்சிவப்புப் புள்ளிகள் சில பதிவாயின. அவை பூநாரைகள் என்று நாம் சொன்னால்தான் தெரியும். சூரியாஸ்தமனம் மூன்று மாதத்தோடு நின்றது. போட்டிக்கு அனுப்பவேயில்லை.

முனையத்தின் படம் மட்டும் கிடைத்தது. 1888ஆம் ஆண்டில் கட்டி முடிந்து, 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான அக்கட்டடம், ஒரு ஜூலை மாலையில் நம் காலடியில் தலைகீழாக ஒளிர்ந்தது. முழங்கால் நனைய மண்டியிட்டு எடுத்தோம். பெருமிதத்தோடு வீடு திரும்பினோம். பிறகுதான், அதே குட்டையில் அதே கோணத்தில் நூற்றுக்கணக்கானோர் எடுத்த அதே படம் ஏற்கெனவே உலவுவதைக் கண்டோம். நம்முடையது அவற்றில் மோசமானது அன்று. ஆனால் அது இல்லாவிட்டால் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. இந்த எண்ணம் அப்போது அவ்வளவாக உறைக்கவில்லை. ஆடி மாதத்தில் உறைத்தது.

நம் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையிலேயே வந்து, சைக்கிளில் இட்லி விற்றுப் பிழைப்பைத் தொடங்கி, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஆடி இரண்டாம் வாரத்தில் உறக்கத்திலேயே காலமானார். மறுநாள் அவருடைய மூத்த மகன் நம் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பொங்கல், கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் நீங்கதானே படம் எடுப்பீங்க. அப்பா படம் ஒண்ணு நல்லதாப் பார்த்துக் கொடுங்க" என்றார்.

கணிப்பொறியில் தேடினோம். நான்கு ஆண்டுகளில் எடுத்தவை மூவாயிரத்துக்கு மேல் இருந்தன. அவற்றுள் அண்ணாச்சி இருந்தவை ஆறு. மூன்றில் அவருடைய பின்தலை. ஒன்றில் யாரோ தூக்கிச் சென்ற வாழையிலைக் கட்டு பாதி முகத்தை மறைத்திருந்தது. மற்ற இரண்டிலும் கண் மூடியிருந்தார். பரிமாறுகிற மனிதர், பந்தல் கட்டுகிற மனிதர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரமாய் நிற்கிற மனிதர் படத்தில் விழுவதில்லை. படம் எடுப்பவன் விழச் செய்தால்தான் உண்டு. கடைசியில் அவருடைய அடையாள அட்டையில் இருந்த படத்தையே பெரிதாக்கி மாலை போட்டார்கள். ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர்போல் அதில் விழித்துக்கொண்டிருக்கிறார். அண்ணாச்சி அப்படி ஒரு நாளும் யாரையும் பார்த்ததில்லை.

இதோடு போயிருந்தால் நேயர்களிடம் சொல்லிக்கொள்ள நேர்ந்திராது. அவர் இரண்டு முறை நம்மிடம் கேட்டிருந்தார். "தம்பி, ஒரு நாள் என்னையும் ஒரு படம் எடுங்களேன்" என்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். "ஆகட்டும் அண்ணாச்சி, வெளிச்சம் நல்லா இருக்கிற நாளாப் பார்த்து எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு, நாம் பூநாரை பார்க்கப் போனோம்.

அன்றிரவு வேறொரு தேடலும் செய்தோம். கும்பகோணத்துக்கு அருகே தனியே இருக்கும் நம் தாயாரின் படம், முகம் தெளிவாய்த் தெரியும்படி, நாமே எடுத்தது எத்தனை இருக்கிறது என்று பார்த்தோம். எண்ணிக்கையை இங்கே எழுத மனமில்லை.

ஆகவே வரும் ஆண்டுக்கு நம் குறிக்கோள் ஒன்றே ஒன்று: மாதத்துக்கு இரண்டு பெரியவர்கள், ஆண்டுக்கு இருபத்துநான்கு முகங்கள். சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் எழுபது வயதைக் கடந்தவர்களை, அவரவர் வீட்டிலேயே, அவரவர் இருக்கையிலேயே வைத்து எடுப்பது. அச்சிட்ட படத்தை அவர்கள் கையிலேயே கொடுப்பது. இதில் கலை எங்கே இருக்கிறது என்று சக அன்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது என்பதே நம் அபிப்பிராயம், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

ஹோமாய் வியாரவாலா அம்மையாரை நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1913இல் பிறந்து 2012இல் மறைந்தவர். நேருவையும் மௌண்ட்பேட்டனையும் எடுத்த அவருடைய படங்களே பெயர் பெற்றவை. ஆனால் இந்நகரின் ஜே. ஜே. கலைப் பள்ளியில் படித்த காலத்தில் தம்முடன் பயின்ற பெண்களை அவர் எடுத்த படங்கள்தாம் நம்மைக் கவர்ந்தவை. பெரிய மனிதர்களை எடுக்கப் பலர் இருந்தார்கள். அந்த மாணவிகளை எடுக்க அவர் ஒருவர்தான் இருந்தார். இன்னும் பின்னே சென்றால், 1858இல் கேப்டன் லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். எதிரே கோபுரம் ஓங்கி நிற்கையில் கல்லில் உள்ள எழுத்தைக் குனிந்து எடுத்த அந்தப் பொறுமையை நாம் வெகுவாக மதிக்கிறோம்.

நமது பெட்டி, கோட்டைப் பகுதியில் போரா பஜாரில் பழையதாக வாங்கிய நிகான். அதோடு 50 மி.மீ. லென்ஸ் ஒன்று. முகத்தை எடுக்க இதற்கு மேல் வேண்டியதில்லை. நம் பெட்டியின் உணர்தகடு சிறியதாகையால், அந்த லென்ஸ் 75 மி.மீ. போல் வேலை செய்கிறது. ஐந்தாறு அடி தள்ளி நின்றால் மூக்கு பெருத்துக் காட்டாமல், இயல்பாய் விழுகிறது. கைப்பேசியை முகத்தருகே நீட்டி எடுக்கும்போது மூக்கு வீங்குவதற்குக் காரணம் கருவி அன்று, நெருக்கமே. கைப்பேசி வைத்திருப்பவர்களும் நான்கடி பின்வாங்கினால் பாதிக் குறை தீரும்.

வெளிச்சம் விஷயத்தில் ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஒரு சாளரம் போதும். பெரியவரைச் சாளரத்துக்கு மூன்று நான்கு அடி தள்ளி, பக்கவாட்டாக அமரச் செய்து, முகத்தை மட்டும் சற்று வெளிச்சத்தின் பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும். வீட்டு விளக்குகளை அணைத்துவிட வேண்டும். இதில் நாம் ஒரு முறை நன்றாக ஏமாந்திருக்கிறோம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஆகையால், பழைய குழல் விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவும் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை, ஷட்டருக்குத் தெரிகிறது. 1/500 நொடியில் எடுத்த ஒரு சஷ்டியப்தபூர்த்திப் படத்தில், தம்பதியர் மீது வரிக்குதிரைபோல் கோடுகள் விழுந்துவிட்டன. விளக்கை அணைக்க வழியில்லை என்றால் 1/100 நொடியில் எடுப்பது உத்தமம். சாளர வெளிச்சத்தில் 1/125, துளை அளவு 4, ஐ.எஸ்.ஓ. 400 அல்லது 800 என்று வைத்துக்கொண்டால், பெரும்பாலும் மறுபடி தொட வேண்டியதில்லை. மூக்குக் கண்ணாடியில் சாளரம் பிரதிபலித்தால், கண்ணாடியின் காதுப்பிடியைக் கால் அங்குலம் தூக்கி வைக்கச் சொன்னால் போய்விடும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லக் கூடாது. நாற்பதாண்டு கண்ணாடி போட்ட முகம், அதைக் கழற்றினால் வேறு முகம்.

இவையெல்லாம் எளிய பகுதி. கடினமான பகுதி கேட்பது. மாட்டுங்காவில் ஒரு பாட்டியிடம் விஷயத்தைச் சொன்னோம். காய் நறுக்கிக்கொண்டே, நிமிராமல், "எதுக்கு? சுவத்துல மாட்டவா?" என்றார். நமக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று அந்தக் காலத்தில் நம்பியவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை போய்விட்டது. ஆனால் வயதானவரைத் தனியே உட்கார வைத்து முகத்தை மட்டும் எடுக்க வருபவன் எதற்கு வருகிறான் என்பது அவர்களுக்குத் தெரியாதா? இதற்கு நாம் என்ன பதில் சொல்வது?

சில வாரம் யோசித்து, ஒரு வழி கண்டோம். பொய் சொல்லும் வழி அன்று. படம் யாருக்கு என்பதை மாற்றிவிட்டோம். முதல் பிரதி அவருக்கே. அவர் அதை ஊரிலிருக்கும் தங்கைக்கோ, துபாயில் இருக்கும் பேரனுக்கோ அனுப்பலாம். பிடிக்காவிட்டால் நம் முன்னாலேயே கிழித்துப் போடலாம். வெறும் முகமாக எடுப்பதையும் விட்டோம். ஒருவர் பஞ்சாங்கத்தோடு, ஒருவர் தையல் இயந்திரத்தோடு, ஒருவர் தம் டபரா டம்ளரோடு என்று, கை எதையேனும் பிடித்திருக்கும்படி எடுப்பதாகத் திட்டம். கைக்கு வேலை கொடுத்தால் முகம் தானாக அவிழும் என்பதை அனுபவத்தில் அறிவோம். நமக்கு நாள் முழுதும் பயணச்சீட்டுச் சாளரத்தின் வழியே முகம் பார்ப்பதே தொழில். சில்லறையை எண்ணும்போது இருக்கிற முகம் வேறு, நம்மை நிமிர்ந்து பார்க்கும் முகம் வேறு. இரண்டாவது முகத்தில் ஒரு விண்ணப்பம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மாட்டுங்காப் பாட்டியிடம் இந்தப் புதிய ஏற்பாட்டோடு மறுபடியும் போனோம். "கிழிக்கலாம்னா சரி" என்றார். கத்தரிக்காயோடு எடுத்தோம். கிழிக்கவில்லை.

படம் எடுப்பதோடு ஒவ்வொரு வீட்டிலும் இன்னொரு காரியமும் செய்ய உத்தேசம். அவர்களிடமுள்ள பழைய படங்களைப் பார்க்கக் கேட்பது. சீலையில் வரைந்த மாடிப்படிக்கட்டும் பூச்சாடியும் பின்னணியாக, கணவர் உட்கார்ந்திருக்க மனைவி நின்றிருக்கும் கறுப்பு வெள்ளை ஸ்டூடியோப் படங்கள் பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. விந்தை என்னவென்றால், அறுபதாண்டுக்கு முந்திய அந்தப் படங்கள் தெளிவாக இருக்க, 1980ஐ ஒட்டி எடுத்த வண்ணப் படங்கள் செக்கச் செவேலென்று ஆகிவிட்டன. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளித் துகள். நன்றாகக் கழுவியிருந்தால் நெடுநாள் நிற்கும். வண்ணப் படத்தில் இருப்பவை சாயங்கள். அக்காலத்துத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் மங்கிவிடும், மிஞ்சுவது சிவப்பு. பசைத் தாளும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்களில் ஒட்டியவை இன்னும் மோசம். அவற்றை வலிந்து பிய்க்காமல், ஆல்பத்தோடு வைத்தே பிரதியெடுப்பது நல்லது. ஸ்கேனர் இருந்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்தால் போதும். இல்லாவிட்டால் நிழலான பால்கனியில் படத்தைத் தட்டையாக வைத்து, பெட்டியை அதற்கு நேர் மேலே பிடித்து எடுக்கலாம்.

அந்தப் படங்களில் இருப்பவர் யார் என்பதைப் பெரியவர் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். பந்துமுனைப் பேனா கூடாது. அழுத்தம் முன்பக்கம் புடைத்துக்கொள்ளும், மையும் ஊறும். 'அம்மாவின் சித்தி' என்று எழுதினால் போதாது. யாருடைய அம்மா? முப்பது ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அந்த அம்மாவையே தெரியாது. பெயர், ஊர், தோராயமான ஆண்டு மூன்றும் வேண்டும். அண்ணாச்சியின் வீட்டில், அவர் மறைந்த பிறகு ஒரு பழைய படம் அகப்பட்டது. ஆறு இளைஞர்கள் சைக்கிள்களோடு நிற்கிறார்கள். அண்ணாச்சி எது என்று தெரிகிறது. மற்ற ஐவர் யாரென்று சொல்ல இப்போது ஒருவரும் இல்லை.

தாராவியில் நாம் செய்ய நினைப்பது தனிக் கட்டுரைக்குரியது. இங்கே இரண்டு வரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். மறுசீரமைப்புத் திட்டத்துக்காக வீடுகளைக் கணக்கெடுக்கும் பணி 2024இல் தொடங்கிற்று. அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. அங்கே இருப்பவர்களே இரு விதமாகப் பேசுகிறார்கள். ஆனால் தெருவை அடைத்து வரிசையாகப் பொங்கல் பானை வைக்கும் காட்சியில், பானைகளை மட்டுமன்றி, அவற்றின் பின்னேயுள்ள வாசற்படிகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று குறித்துவைத்திருக்கிறோம். எந்த வாசல் யாருடையது என்று பிற்பாடு ஒருவர் கேட்கக்கூடும்.

எண்ணிக்கைக்கும் ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டோம். ஒரு சுருளுக்கு 36 படம் என்றிருந்த காலத்தில், விரலை அழுத்துமுன் மனிதர்கள் யோசித்தார்கள். நாமும் ஒருவருக்கு 36க்கு மேல் எடுப்பதில்லை. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து 6க்கு 8 அங்குலத்தில், பளபளப்பில்லாத தாளில் இரண்டு பிரதி போடுவோம்: ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று அவர்கள் இசைந்தால் சங்க நூலகத்துக்கு. அவர்களைக் கேளாமல் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடுவதில்லை. செலவைப் பற்றி நம் இல்லாள் கேட்டாள். சென்ற ஆண்டு பூநாரைக்கு ஆன செலவைவிடக் குறைவு என்றதும் மேலே கேட்கவில்லை.

மழைக்காலம் ஒன்றுதான் கவலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்நகரின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கிறது. நம்முடைய முந்தைய லென்ஸ் ஒன்று அப்படியே போயிற்று. தோல் பையில் பூட்டி வைத்ததே நாம் செய்த பிழை. இப்போது காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்றில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறோம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். இளஞ்சூட்டில் உலர்த்தினால் மறுபடி நீலமாகும். மணிகளைச் சமையல் பாத்திரத்தில் மட்டும் உலர்த்தக் கூடாது. குழந்தைகளுக்கும் எட்டக் கூடாது.

தாயாரைப் படமெடுக்கச் சித்திரையில் ஊருக்குப் போகிறோம். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதால், சீட்டு இன்னும் எடுக்கவில்லை; நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பெயர் கொடுக்க விரும்பும் குடும்பத்தினர் பொங்கல் விழாவன்று சங்க மண்டபத்தில் நம்மிடம் சொல்லலாம். முதல் பெயர் ஏற்கெனவே வந்துவிட்டது. செம்பூரில் இருக்கும் எண்பத்துநான்கு வயது அம்மையார். அரக்குப் புடவையா, பச்சைப் புடவையா என்று இதுவரை மூன்று முறை தொலைபேசியில் கேட்டுவிட்டார். அவர் வீட்டுச் சாளரம் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேராக அடிக்கும். ஆகையால் திரைக்குப் பதில் கட்ட, துவைத்த எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்துப் போகிறோம். ஞாயிறன்று துறைமுக வழித்தடத்தில் பதினொரு மணிக்கு மேல் மெகா பிளாக். ஏழு மணி வண்டிக்கே கிளம்பிவிட வேண்டும்.